என் வயலின் நாலாவது மூலை

1

இன்றைக்குப் பத்தாமுதயம். சித்திரை பத்து. மலாயாவில் நாங்கள் இருக்கும் இந்த ரப்பர் தோட்டத்தில் அப்படி ஒரு நாள் உண்டென்று அறிந்தவர்கள் என் கணவரும் நானும் மட்டும்தான். விடியும் முன்னே சங்கு ஊதியது. பால் வெட்டுகிறவர்கள் வாளியும் கையுமாகப் போனார்கள். நான் வழக்கம்போலப் பள்ளிக்கூடத்தைத் திறந்து, கரும்பலகையைத் துடைத்து, தேதியை எழுதினேன். சித்திரை பத்து என்று எழுதவில்லை. இங்கே ஆங்கிலத் தேதிதான்.

ஊரில், தேரூர்க் குளத்துக்குக் கீழே எங்கள் வயலில் அண்ணன் இன்று விதை எடுத்திருப்பான். கோடை மழை பெய்து, உழுது, புழுதியாகக் கிடக்கும் மண்ணில் கன்னிப்பூ என்னும் முதல் போகத்துக்கு உலர்ந்த விதையைத் தூவுகிற நாள் இது. அப்பா இருந்தபோது வயலின் நாலு மூலையிலும் முதலில் ஒவ்வொரு கைப்பிடி போடுவார். தண்ணீர் வரும் மடை உள்ள மூலையில் தொடங்கி, வலமாகச் சுற்றி வருவார். பிறகுதான் வயலுக்குள் இறங்குவார். அப்போது கிழக்கே மருந்துவாழ்மலை நீலமாக நிற்கும். இதை எழுதும்போதே அந்தப் புழுதியின் மணம் மூக்கில் ஏறுகிறது. இங்கே ஆண்டு முழுவதும் மழை. மண் புழுதியாவதே இல்லை.

நாகர்கோவிலில் ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு, இங்கே தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அருமனைக்காரருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். யுத்தத்துக்கு முன் கப்பல் ஏறினோம். எங்களுக்கு ஒரே மகள். பெயர் கோமதி. சென்ற ஆண்டு இதே நாளில் அவளை முன்னிட்டு நடந்த ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

உங்களுக்கு இங்குள்ள நிலை தெரிந்திருக்காது. காட்டுக்குள் ஆயுதத்தோடு இருப்பவர்களுக்கும் சர்க்காருக்கும் சண்டை. அதற்கு 'அவசர காலம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிதறிக் கிடந்த, தொழிலாளர் வீடுகளான லயங்களையெல்லாம் ஓரிடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி கட்டிவிட்டார்கள். பொழுது சாயும்போது வாசல் மூடும். கம்பிக்கு வெளியே ஒரு பிடி அரிசி கொண்டுபோனாலும் குற்றம். காட்டிலிருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடும் என்று சர்க்காருக்குப் பயம். வாசலில் ஒரு மலாய்க் காவலர் எல்லோருடைய பையையும் சோதிப்பார்.

கோமதி நகரத்து ஆங்கிலப் பள்ளியில் படித்துவந்தாள். பஸ்ஸில் போய்வருவாள். ஒரு நாள் பஸ் வரவில்லை. அவளும் இன்னும் சிலரும் நடந்து வந்தார்கள். பக்கத்தில் வந்தபோதே அவள் உடுப்பில் புகை நாற்றம். வழியில் காட்டிலிருப்பவர்கள் பஸ்ஸை மறித்து, எல்லோரையும் இறக்கி நிறுத்திவிட்டு, அதற்குத் தீ வைத்திருக்கிறார்கள். யாருக்கும் காயமில்லை.

நான் அவளைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தேன். அவளோ, "எனக்க ஜியாமெட்ரி பாக்ஸ் சீட்டுல இருந்துது. எடுக்க விடல" என்று அழுதாள்.

"பாக்ஸ் போட்டும் மக்ளே. உன்னெ ஒண்ணும் செய்யலியே?"

"இல்ல. ஒரு ஆளு எனக்க சாப்பாட்டு டப்பாவெ வாங்கித் திறந்து பாத்தான். உள்ள ஒரு தோசைதான் மிச்சம் இருந்துது. அங்கனயே நின்னு தின்னுட்டான். ரொம்பப் பசி போலம்மா."

அவளுக்கு அது அவ்வளவுதான். எனக்குத்தான் அன்றைக்கு எரியத் தொடங்கிய பஸ் இன்னும் அணையவில்லை. மறுநாளே அவளை ஆங்கிலப் பள்ளியிலிருந்து நிறுத்தி, என் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்தேன்.

"இவளெ ஊருக்கு அனுப்பணும்" என்றேன் கணவரிடம். வடசேரியில் என் அக்கா இருக்கிறாள். அங்கே பெண்பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் உண்டு. பஸ் எரியாது.

"நீ சும்மா வெப்ராளப்படாத பிள்ளே" என்றார் அவர். பதற்றத்துக்கு அருமனைப் பக்கத்தில் வெப்ராளம் என்பார்கள். எனக்கு அந்த ஊர்ச் சொல் கேட்டதும் அழுகை கூடிற்றே தவிர, வெப்ராளம் குறையவில்லை.

3

முன்பெல்லாம் கப்பலுக்குச் சீட்டு வாங்கினால் போதும். இப்போது பாஸ்போர்ட் வேண்டும். திரும்பி வருவதற்கும் தனியாக அனுமதி வேண்டும். அந்த அனுமதியின் காலம் கடந்துவிட்டால் உள்ளே விடுவார்களா என்பதை யாரும் உறுதியாகச் சொல்வதில்லை. பிள்ளை இங்கே பிறந்தவள், தாய் தகப்பன் அங்கே பிறந்தவர்கள். நகரத்து அலுவலகத்தில் எங்கள் காகிதங்களைப் புரட்டிய எழுத்தர் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர். கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிறந்த இடம் திருவிதாங்கூர்னு எழுதியிருக்கீங்க. அப்படி ஒரு ராஜ்யம் இப்ப இல்லையே அம்மா."

"நான் பிறக்கும்போ உண்டும்."

"இப்ப அது திருவிதாங்கூர்-கொச்சி. உங்க ஊர் தமிழா, மலையாளமா?"

"நான் பேசுகது என்ன பாஷைன்னு உங்களுக்குத் தோணுது?"

"அதான் எனக்கும் சந்தேகமா இருக்கு" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற கோமதியும் அவரோடு சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு என் பேச்சு வேடிக்கை. ஆனால் அவளும் வாக்கியத்துக்கு வாக்கியம் 'லா' போட்டு முடிப்பாள். "வந்தேன்லா", "சொன்னேன்லா" என்பாள். நாங்களும் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இந்த நாட்டுச் சீனரும் மலாய்க்காரரும் எதைப் பேசினாலும் கடைசியில் ஒரு 'லா' வைக்கிறார்கள். அவள் வாயில் இருப்பது என் ஊரின் 'லா'வா, அவள் ஊரின் 'லா'வா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

தெரிந்த குடும்பம் ஒன்று வைகாசிக் கப்பலில் ஊருக்குப் புறப்படுவதாக இருந்தது. அவர்களோடு அனுப்பலாம் என்று கோமதிக்கும் ஒரு இடம் சொல்லி வைத்தோம்.

அவளிடம் சொன்னபோது "ம்" என்றாள். வேண்டாமென்று சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

4

ஊர் மேல் அவளுக்கு ஓர் ஆசை வரவேண்டும் என்று நினைத்தேன். நான் கதை சொன்னால் பாதியில் எழுந்துவிடுவாள். கணக்கென்றால் சோறு வேண்டாம். என் வகுப்பிலும் அப்போது பரப்பளவுப் பாடம்தான் நடந்துகொண்டிருந்தது. நீளத்தை அகலத்தால் பெருக்கு என்றால் பிள்ளைகள் பெருக்கிவிடுவார்கள். எதைப் பெருக்கினோம் என்று கேட்டால் விழிப்பார்கள். அதனால் ஒரு விளையாட்டு யோசித்தேன். நாஞ்சில் நாட்டில் இருக்கிற என் வயலைப் பள்ளித் திடலில் உண்மை அளவில் கயிறு கட்டி அமைப்பது. அதற்கு மடை வைப்பது, வரப்பு வைப்பது, எத்தனை பேர் நட்டால் எத்தனை நாளில் முடியும், எவ்வளவு விளையும் என்று மாதக் கணக்கில் அதற்குள்ளேயே கணக்கு நடத்துவது.

பிள்ளைகள் கூத்தாடினார்கள். "டீச்சர் வயல் எவ்ளோ பெருசு?" என்று கேட்டான் மாரி. பால் வெட்டுகிறவரின் மகன், வகுப்பிலே வாயாடி.

"ஆறு மரக்கால் விதைப்பாடு" என்றேன்.

மாரி சிலேட்டில் ஆறு என்று எழுதிவிட்டு நிமிர்ந்தான்.

"அது எத்தனை அடி டீச்சர்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. எங்கள் பக்கத்தில் நிலத்துக்கு அளவு விதைதான். ஆறு மரக்கால் விதை எவ்வளவு மண்ணில் விழுமோ அவ்வளவு வயல். கல்யாணப் பேச்சிலும், பாகப் பிரிவினையிலும், சண்டையிலும் அப்படித்தான் சொல்வோம். நீளம் அகலம் யாரும் கேட்டதில்லை. பயிற்சிப் பள்ளியில் பரப்பளவு படித்த நானும் அதை ஒரு நாளும் என் வயலோடு சேர்த்து யோசித்ததில்லை.

"அளவே தெரியாம எப்படிக் கட்டுறது டீச்சர்?" என்றான் மாரி. "கப்பல்ல போய் அளந்துட்டு வாங்க. அதுவரைக்கும் எங்களுக்கு லீவு."

எல்லோரும் சிரித்தார்கள். கோமதி சிரிக்கவில்லை. "விதைச்சுப் பாத்தா தெரிஞ்சிரும்லா?" என்றாள். "கொஞ்சம் விதை எடுத்து விதைப்போம். எவ்ளோ எடத்துக்கு வருதுன்னு அளப்போம். அப்புறம் ஆறு மரக்காலுக்குப் பெருக்குவோம்."

பஸ் எரிந்த பிறகு அவள் தானாகப் பேசிய முதல் நீளமான பேச்சு அது.

கம்பிக்குள் நெல் கொண்டுவருவது லேசல்ல. கணவர் பெரிய துரையிடம் போய் அனுமதி கேட்டார். கணக்குப் பாடத்துக்கு நெல்லா என்று துரை இரண்டு முறை கேட்டாராம். பிறகு ஒரு மணிகூட கம்பிக்கு வெளியே போகக் கூடாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்து மலாய்க் கிராமத்திலிருந்து விதைநெல் வந்தது. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளை நாழி ஒன்று அடுக்களையில் உண்டு. அதில் அளந்து, குழுவுக்கு அரை நாழி வீதம் கொடுத்தேன். பத்தாமுதயம் அன்றைக்கே வைத்துக்கொண்டோம். திடலின் ஓரத்தைக் கொத்தி, விதை தீரும் வரை தூவிக்கொண்டே போய், தீர்ந்த இடத்தில் குச்சி நட்டு, கயிற்றால் அளந்தார்கள்.

ஐந்து குழுவுக்கும் ஐந்து அளவு வந்தது. மாரி கோழிக்குப் போடுவதுபோல அள்ளிக் கொட்டியிருந்தான். அவன் கணக்குப்படி என் வயல் பள்ளிக்கூடக் கூரையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கோமதி ஒவ்வொரு மணியாக எண்ணி வைத்ததுபோலத் தூவியிருந்தாள். அவள் கணக்குப்படி என் வயல் லயங்களையெல்லாம் தாண்டி ஆஸ்பத்திரி வரை போயிற்று.

"ஏட்டி, உனக்க வயல்ல நெல்லு ஒண்ணுக்கொண்ணு கடுதாசி போட்டுத்தான் பேசணும்" என்றேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எது சரிம்மா?" என்று கேட்டாள் அவள்.

"தாத்தாக்க கை" என்றேன். என்னையறியாமல் வந்துவிட்டது. "தாத்தா எடுக்கது மாதிரி எடுத்து, தாத்தா வீசுகது மாதிரி வீசணும். அதாக்கும் அளவு."

"தாத்தா செத்துப்போயாச்சுலா?"

"ம்."

அவள் என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். "இது தாத்தா கை மாதிரி இருக்குமா?"

விரல்கள் அப்பாவுடையவைதான். எல்லோரும் சொல்வார்கள். ஆனால் நான் ஒரு நாளும் விதைத்ததில்லை. எங்கள் வீட்டில் விதைப்பு ஆண்கள் வேலை. நான் வரப்பில் புத்தகப் பையோடு நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அதைச் சொன்னால் பிள்ளைகள் விடவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு அரை நாழி நெல்லோடு மண்ணில் இறங்கினேன். அப்பாவின் தோள் எப்படித் திரும்பும், கை எந்த இடத்தில் அவிழும் என்று கண்ணை மூடி நினைத்துப் பார்த்து வீசினேன். முதல் வீச்சு என் காலிலேயே விழுந்தது. பிறகு கொஞ்சம் வந்தது. ஓரிரு வீச்சில் அப்பா வந்து போனார் என்றே சொல்வேன்.

ஆறு அளவையும் கூட்டி ஆறால் வகுத்தார்கள். சராசரி என்பதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

5

அன்று மத்தியானம் அந்தச் சராசரி வயலைத் திடலில் கயிறு பிடித்தோம். மூன்று மூலைகள் அழகாக விழுந்தன. மடை மூலை என்று வைத்ததில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி விதை போடச் சொன்னேன். நாலாவது மூலைக்கு இடமில்லை. கம்பிவேலி அந்தப் பக்கம் சாய்வாகப் போகிறது. கயிறு வேலியில் போய் முட்டியது.

"டீச்சர் வயலுக்கு ஒரு மூலை இல்ல" என்றான் மாரி.

"வயலைக் கொஞ்சம் சின்னதாக்கிருவோம்" என்றேன்.

"அப்ப அது நம்ம விடை இல்லையே" என்றாள் கோமதி.

ஒரு குழந்தைக்கு மூக்கில் இரத்தம் வந்தது. அதைக் கழுவிவிட்டுத் திரும்பினேன். கயிறு மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. கம்பி இடுக்கில் நுழைந்து, வேலிக்கு அப்பால், ரப்பர் மரங்களின் நிழல் தொடங்கும் இடம் வரை போயிருந்தது. அதன் முனையைப் பிடித்துக்கொண்டு என் மகள் வெளியே நின்றாள். அவளுக்குப் பின்னால் மரங்கள். மரங்களுக்குப் பின்னால் காடு.

என்ன கத்தினேனோ தெரியவில்லை. வேலியைப் பிடித்து உலுக்கியதில் உள்ளங்கை கிழிந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

"ம்மா, கயிறெ இழுங்க! தொய்யுது!" என்றாள் அவள்.

"வாட்டி உள்ள! எக்க மோளே, உள்ள வா!"

"நேரா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க, வாறேன்."

அவள் வேலியில் நுழைந்து போகவில்லை. வாசல் வழியாகத்தான் போயிருக்கிறாள். காவலரிடம் தனக்குத் தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர் சட்டப்படி அவளைச் சோதித்திருக்கிறார். நாலாவது மூலைக்காக அவள் பாவாடைப் பையில் வைத்திருந்த கைப்பிடி விதையை வாங்கித் தம் மேசைமேல் வைத்துவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தாமும் பின்னாலேயே போய்ச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். என் கண்ணுக்கு அவர் தெரியவே இல்லை. பிள்ளையும் காடும்தான் தெரிந்தன.

மாரி கயிற்றை இழுத்துப் பிடித்தான். கோமதி குனிந்து, அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்து, காலால் அழுத்தினாள். பிறகு அவசரமில்லாமல் நடந்து வந்தாள். சர்க்கார் சொல்லும் எந்த அபாயமும் அந்த நடையில் இல்லை.

6

அவளை அடிக்கக் கை ஓங்கினேன். கையில் இரத்தத்தைப் பார்த்து அவளே அதைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் மஞ்சள் வைத்துக் கட்டும்போது கேட்டேன்.

"என்னத்துக்குட்டி வெளிய போனே? உனக்குப் பயமே இல்லியா?"

"மூலை அங்கதானே விழுது. நான் என்ன செய்ய?"

துணியின் முனையை எடுத்து அவளே முடிச்சுப் போட்டாள். பிறகு, "நான் ஊருக்குப் போணும்னா போறேன்மா" என்றாள். "ஆனா ஒரு கணக்கு கேக்கேன், சொல்லுங்க. நான் இங்க இருந்தா நீங்க தினமும் பயப்படுவீங்க. நான் போனா தினமும் அழுவீங்க. எது கூடுதல்?"

நான் மஞ்சள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

"அப்புறம் இன்னொண்ணு. ஊருக்குப் போணும்னு ஆசை உங்களுக்கு. டிக்கெட்டு எனக்கா?"

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவர் பேப்பரைத் தாழ்த்தினார். "முதல் கணக்கு தப்பு கேட்டியா" என்றார் மகளிடம். "பயத்துக்கு ஒரு அளவு, கரச்சலுக்கு வேற அளவு. ஒண்ணுலேருந்து ஒண்ணெக் கழிக்கப்பிடாது. உனக்க அம்மைட்ட கேளு, அவளாக்கும் டீச்சர்." பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "ரெண்டாவது கணக்கு செரியாட்டு இருக்கு பிள்ளே" என்றார்.

மூன்று பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியிலேயே வேறாகிவிட்டது. அவள் என் மடியில் தலை வைத்தாள். முடியில் இன்னும் அந்தப் புகை நாற்றம் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. எத்தனையோ முறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியாயிற்று.

வைகாசிக் கப்பலில் அவளுக்குச் சொல்லி வைத்த இடத்தில் வேறு யாரோ போனார்கள். அக்காவுக்கு எழுதினேன். பிள்ளைக்கு மனசில்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எனக்கு மனசில்லை என்று எழுதினேன். அக்கா அங்குள்ள செய்திகளை எழுதினாள். நம் தாலுக்காக்கள் தமிழ் ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று ஊர்வலங்கள் போகின்றனவாம். அடுத்த முறை அந்த எழுத்தரிடம் போகும்போது என் ஊருக்கு என்ன பெயர் சொல்வேனோ தெரியாது.

7

கோமதி மறுபடி ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறாள். பஸ்ஸுக்கு முன்னால் இப்போது போலீஸ் வண்டி ஒன்று போகிறது. அவள் வளர்ந்துவிட்டாள். கணக்குப் போடும்போது உதட்டுக்குள் ஆங்கிலத்தில் எண்ணுகிறாள். தமிழில் எண்ணு என்று ஒரு முறை சொன்னேன். "எண்ணுறது எல்லாத்துலயும் ஒண்ணுதானேம்மா" என்றாள். ஒன்றுதான். ஆனாலும் அவள் உதடு அசைவதைப் பார்த்து அவள் என்ன எண்ணுகிறாள் என்று தெரிந்துகொள்ள இனி எனக்கு முடியாது.

திடலில் நாங்கள் போட்ட மூன்று மூலை விதையும் போன வருஷம் நன்றாக முளைத்தது. ஒரு முழம் வளர்ந்தபோது தோட்டத்து ஆடு வந்து இரண்டைத் தின்றது. மடை மூலையில் மட்டும் கதிர் பிடித்தது. மாரி அதை உருவி எண்ணி எனக்கு விளைச்சல் கணக்குச் சொன்னான். இந்த வருஷம் புதிய வகுப்புப் பிள்ளைகள். இன்று காலையில் அவர்களைக் கொண்டு அதே மூன்று மூலைகளிலும் விதை போட வைத்தேன். நாலாவது மூலை எங்கே டீச்சர் என்று ஒரு பெண் கேட்டாள். வேலிக்கு அப்பால் அந்தக் கல்லைக் காட்டினேன். அங்கே ஏன் போடவில்லை என்று கேட்டாள். வெளியே நெல் கொண்டுபோகக் கூடாது என்றேன். அவளுக்கு அது போதுமான விடையாக இருந்தது.

அண்ணனுக்கு எழுதினால் அவன் அந்த வயலைச் சங்கிலி வைத்து அளந்து அடிக்கணக்கு அனுப்பிவிடுவான். இதுவரை கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை. ஆறு கைகள் சேர்ந்து கண்டுபிடித்த அளவிலேயே அது இருக்கட்டும். அந்த ஆறில் ஒரு கை என் மகளுடையது.

பள்ளி விட்டதும் நான் வீட்டுக்குப் போவதில்லை. திடலின் அந்தக் கோடியில், நாலாவது மூலைக்கு எதிரே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இன்று நோட்டும் கையுமாக இங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கம்பிக்கு அப்பால் கல் கிடக்கிறது. சுற்றிலும் புல் வளர்ந்து பாதி மூடிவிட்டது. கல்லுக்கும் அப்பால் ரப்பர் மரங்களுக்கிடையே சாலை ஒரு வளைவு திரும்புகிறது. தோட்டத்தில் வேறெங்கே நின்றாலும் அந்த வளைவு தெரியாது. என் வயலின் இந்த மூலையில் நின்றால்தான், வருகிற பஸ்ஸை முதலில் பார்க்க முடியும்.

பொழுது சாய்கிறது. இன்னும் வரவில்லை. காவலர் வாசலை மூடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதோ, வளைவில் விளக்கு வெளிச்சம்.